கதையில்லாத முனியும் கோயிலில்லாத இந்திரனும்

கேமரன் மலைத் தோட்டங்களில் எழும் ஒரு கேள்வி: புராணம் மறைந்தால் நம்பிக்கையும் மறையுமா?

தேயிலைச் சரிவுகளின் மேல் படிந்த பனி விலகத் தொடங்கும் காலைப் பொழுது. கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் இரவோடிரவாக மலையேறி வந்த கார்கள் தோட்டத்துப் பாதையோரம் வரிசைபிடித்து நிற்க, உறுமி மேளத்தின் ஒலி எதிர்மலையில் மோதித் திரும்ப, மஞ்சள் சேலையுடுத்த பெண்கள் பால்குடங்களைத் தலையில் தாங்கி மாரியம்மன் கோயிலை நோக்கி நடக்கிறார்கள். கோயிலை அடைவதற்கு முன்பாகவே ஊர்வலம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தேயிலை நிரை முடிந்து காடு தொடங்குகிற அந்த எல்லையில், ஒரு பெரிய மரத்தின் அடியில், குங்குமம் பூசிய கல்லும் எலுமிச்சம்பழம் செருகிய சூலமுமாக முனியாண்டி இருக்கிறார். சூடம் ஏற்றுகிறார்கள், சுருட்டொன்றைப் பற்றவைத்துக் கல்லின் முன் வைக்கிறார்கள்.

நகரத்தில் பிறந்து வளர்ந்த பேரன், பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சாமிக்கு என்ன கதை?" என்று கேட்கிறான். பிள்ளையாரும் முருகனும் மாம்பழத்துக்காகப் போட்டியிட்டதை அவன் கார்ட்டூன் படத்தில் பார்த்திருக்கிறான். சாமி என்றால் கதை இருக்கத்தானே வேண்டும்? பாட்டிக்குக் கதை ஏதும் தெரியாது. அவனுடைய தாத்தா அடைமழையில் மண் சரிந்த பாதையில் அகப்பட்டுக்கொண்ட இரவில், இந்தக் கல் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பித் தான் ஒரு சேவல் நேர்ந்துகொண்டதும், விடியற்காலையில் அவர் சேறு படிந்த உடம்போடு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்து சேர்ந்ததும் மட்டுமே தெரியும்.

தோட்டத் திருவிழாக்களில் காணக்கூடிய இந்தச் சிறு சம்பாஷணைக்குள் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. பேரன் கேட்டது புராணம். பாட்டியிடம் இருந்தது நம்பிக்கை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால், கதையைப் பொய்யென்று நிரூபித்துவிட்டால் பக்தியை வென்றுவிட்டதாகப் பகுத்தறிவாளர் எண்ணுகின்றனர். பக்தியைக் காப்பதற்காகக் கதையின் ஒவ்வொரு வரியையும் சரித்திரமென்று சாதிக்க ஆஸ்திகர் முனைகின்றனர். தங்கள் சாமிக்குக் கதையில்லையே என்று கூசும் கோயில் நிர்வாகத்தாரோ, எங்கிருந்தாவது ஒரு கதையை இரவல் வாங்கிவிடுகின்றனர். இம்மூன்றில் கடைசியானதே இந்த மலையில் பெரிய நஷ்டத்தை உண்டாக்குவது என்பது என் அபிப்பிராயம்.

புராணமில்லாத மலைக்கு வந்த சாமிகள்

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மேட்டுநிலத்தைக் கண்டு குறித்தார். அவர் பெயரே மலைக்கும் நிலைத்தது. தாப்பாவிலிருந்து மலைப்பாதை அமைக்கும் வேலை நடந்துவந்த காலத்தில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' என்னும் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியது. காடழித்துக் கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆள்சேர்க்கும் கங்காணி மூலமாகவும், ஏற்கெனவே ரப்பர்த் தோட்டங்களில் பழகியவர்களாகவும் வந்தவர்கள் அவர்கள். தொழிலாளர் உதவி பெற்று மலாயா செல்வதை 1938-இல் இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டபடியால், பிறகு ஊரிலிருந்து புது வரவு குறைந்தது. வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இங்கே கொழுந்து பறித்தார்கள்.

இவர்கள் கொண்டுவந்த சாமிகளைக் கவனிக்க வேண்டும். லயத்தின் நடுவே மாரியம்மன். எல்லையில் முனியாண்டி என்றும் வழங்கும் முனீசுவரனும் மதுரை வீரனும். சில இடங்களில் காளியும் சங்கிலிக்கருப்பனும். தமிழ்நாட்டிலே ஒரு கோயிலென்றால் அதற்கு ஸ்தலபுராணம் உண்டு: இன்ன முனிவர் தவமிருந்தார், இன்ன அரசன் சாபம் நீங்கினான் என்று குளத்துக்கும் மரத்துக்கும்கூடக் காரணம் சொல்லும் நூல் அது. இந்த மலையிலோ தமிழ்க் கடவுளர் எவரும் நடந்ததாக ஒரு வரிகூட எந்தப் புராணத்திலும் இல்லை. புலி உலவிய காட்டில், கணக்கெடுப்பும் பெரட்டு என்னும் காலை ஆளெடுப்பும் கட்டுப்படுத்திய வாழ்க்கையில், ஊர்க்கோயிலின் நினைவை மட்டும் முதலாகக் கொண்டு ஒரு கல்லை நட்டு, அதன்முன் விழுந்து எழுந்தார்கள். நம்பிக்கை முதலில் வந்தது. கதை வராமலேகூட இருந்துவிட்டது.

அண்டை அயலாரிடத்தும் இதே நிலையைக் காணலாம். சாலையோரத்தில் சீனர்கள் வைத்திருக்கும் சிறிய சிவப்பு மாடத்தில் வீற்றிருக்கும் டத்தோ கோங், அந்த மண்ணுக்குரிய காவல்தெய்வம். மலாய்க்காரரின் சொங்கோக் தொப்பியோடு பல இடங்களில் காட்சி தரும் அவருக்குப் பன்றியிறைச்சி படைப்பதில்லை. அவருக்கும் விரிந்த புராணம் ஏதுமில்லை. ஆசாரம் இருக்கிறது, அச்சம் இருக்கிறது, நன்றி இருக்கிறது. இந்த மலைகளின் பூர்வகுடிகளாகிய செமாய் மக்களோ, மிருகங்களைப் பார்த்து எள்ளி நகைத்தால் இடிமழை வந்து குடியிருப்பை அழிக்குமென்று நம்புகிறவர்கள். அவர்களுக்கு அது கதை கேட்டுக் களிக்கும் விஷயமன்று, குழந்தையின் வாயை உடனே பொத்த வேண்டிய விதி.

இந்திரனுக்கு நேர்ந்தது

முனியாண்டிக்கு நேர் எதிரான ஒருவரைத் தேடுவோமானால் அவர் தேவராஜனே. தொல்காப்பியம் மருத நிலத்துக்குரிய தெய்வமாக வேந்தனைச் சொல்ல, உரையாசிரியர்கள் அவ்வேந்தனை இந்திரன் என்றே கொண்டார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் நடந்த இந்திர விழாவைச் சிலப்பதிகாரம் ஒரு காதை முழுவதும் வருணிக்கிறது. மணிமேகலை அது இருபத்தெட்டு நாள் நடந்த விழாவென்கிறது. காணாமற்போன மகனைத் தேடும் துயரில் சோழன் அவ்விழாவை மறந்தபடியால் நகரத்தைக் கடல் கொண்டதென்றும் அக்காவியம் கூறுகிறது. ஒரு நகரத்தின் உயிரே எந்தத் தெய்வத்தின் விழாவில் தங்கியிருப்பதாக மக்கள் எண்ணினரோ, அந்தத் தெய்வம் இன்று எங்கே?

கதைகளில் இருக்கிறார். அகலிகையின் கதையில், விருத்திராசுர வதத்தில், ஐராவதத்தின் மேல், தெய்வயானையின் தகப்பனாராக, சூரபதுமனுக்கு அஞ்சி ஒளிந்த அமரர் கோமானாக, நூறு கதைகளில் நிறைந்திருக்கிறார். ஆனால் அவருக்குத் தனிக்கோயில் காண்பது அரிது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தத் தாயும் இந்திரனுக்கு நேர்ந்துகொள்வதில்லை. போகிப் பண்டிகை அவருக்குரியது என்பர். ஆயினும் அன்று விடியற்காலையில் பழைய பாயைக் கொளுத்துகிறவர்கள் அவரை நினைத்துக் கொளுத்துவதாகத் தெரியவில்லை.

ஆக, நமக்குள்ளேயே இரு துருவங்கள் இருக்கின்றன. ஒருவருக்குக் கதை ஏராளம், கும்பிடுவார் இல்லை. மற்றவருக்குக் கும்பிடுவோர் ஏராளம், கதை இல்லை. கிரேக்கத் தெய்வங்களுக்கும் இந்திரனுக்கு நேர்ந்ததே நேர்ந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோமச் சக்கரவர்த்தி தியோடோசியஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைத் தடைசெய்த பின்னர், ஸீயஸை வணங்கியோர் காலக்கிரமத்தில் மறைந்தனர். கதைகளோ ஐரோப்பாவின் ஓவியங்களிலும் நாடகங்களிலும் பள்ளிப் புத்தகங்களிலும் மேலும் செழித்தன. கும்பிடுவோர் போன பிறகும் கதை தனித்து வாழ வல்லது. அதனாலேயே கதை பரவுவதைக் கண்டு சமயம் வளர்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. தொலைக்காட்சியில் மகாபாரதம் ஓடுகிற வீடுகளின் எண்ணிக்கை, விளக்கேற்றுகிற வீடுகளின் எண்ணிக்கையைச் சொல்லாது.

பெட்டிச் செய்தி: நோய் போயிற்று, அம்மன் இருக்கிறாள்

பரசுராமன் தந்தையின் ஆணையால் தாய் ரேணுகையின் தலையைத் துணித்தான்; உயிர்ப்பிக்கும் வேளையில் அத்தலை வேறொருத்தியின் உடலோடு பொருந்த, மாரியம்மன் தோன்றினாள் என்பது ஒரு கர்ணபரம்பரைக் கதை. மகாபாரத வனபருவத்தில் வரும் ரேணுகையின் வரலாற்றில் இந்தத் தலைமாற்றம் இல்லை. லயத்துப் பெண்களில் பலருக்கு இரண்டு வடிவங்களும் தெரியா. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும், தாளிப்பை நிறுத்துவதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணுவதும் தெரியும். இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை நோயாளி 1977-இல் சோமாலியாவில் காணப்பட்டார். 1980 மே மாதத்தில் உலக சுகாதார அமைப்பு அந்நோய் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. அதன்பின் ஒரு மாரியம்மன் கோயிலும் அக்காரணத்தால் மூடப்படவில்லை.

வீரனைப் பெற்றவர் யார்?

கதை, நம்பிக்கைக்கு அணியாக அமைவதுண்டு. பழனிக்குப் போகிறவனுக்கு மாம்பழக் கதை படிக்கட்டுகளின் களைப்பைக் குறைக்கிறது; கச்சியப்பரின் கந்தபுராணம் தமிழின் பெருஞ்செல்வம். ஆனால் கதை ஒரு தெய்வத்தை அதன் சொந்த மக்களிடமிருந்து பிரித்துவிடுவதும் உண்டு. இதை விளங்கிக்கொள்ள மதுரை வீரனைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடையாது.

கதைப்பாடல் சொல்வதென்ன? காசிராஜனுக்குப் பிறந்து, கொடி சுற்றிப் பிறந்த தோஷத்தால் காட்டில் விடப்பட்டு, தோல் வேலை செய்யும் அருந்ததியத் தம்பதியரால் எடுத்து வளர்க்கப்பட்டவன் வீரன். மேற்குலப் பெண்ணாகிய பொம்மியைச் சிறையெடுத்தான், திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து கள்ளரை அடக்கினான், ஆடல்மகள் வெள்ளையம்மாளின் பொருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான், தெய்வமானான். நா. வானமாமலை முதலிய நாட்டுப்புற ஆய்வாளர்கள் இக்கதையின் தொடக்கத்தைப் பார்த்து, அரசகுலப் பிறப்பு பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்றே கருதினார்கள். தாழ்த்தப்பட்ட குலத்தான் ஒருவன் மேற்குலப் பெண்ணை மணந்தான், அதற்காக வெட்டப்பட்டான், பிறகு எல்லோராலும் அஞ்சி வணங்கப்பட்டான் என்பதைச் சகிக்க முடியாத சமூகம், அவனை முதலில் ராஜகுமாரனாக்கியது. அதன்பின் வணங்குவது சுலபமாயிற்று.

1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்' வெளிவந்தபோது, தோட்டத் திடல்களில் வெள்ளைத்திரை கட்டிப் படம் காட்டிய அக்காலத்தில், மலாயாத் தமிழரின் மனத்தில் வீரனுக்கு ஒரு முகமும் அமைந்துவிட்டது. நட்ட கல்லுக்கும் நடிகர் முகத்துக்கும் நடுவே என்ன நடந்தது? எந்தக் குடும்பம் அவனைத் தன் முன்னோனாக எண்ணி, யாருக்கும் அஞ்சாமல் காப்பான் என்று கடல் கடந்தும் எடுத்துவந்ததோ, அந்தக் குடும்பத்தின் உரிமை மெல்ல மங்கிற்று. புராணம் பொய்யா மெய்யா என்று வாதிடுவோர் இதைக் கவனிப்பதில்லை. கதை யாரை உயர்த்துகிறது, யாரை மறைக்கிறது என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

காவடி எடுப்பவர் எதைச் சுமக்கிறார்?

2025 மார்ச் மாதத்தில், மலாய் மொழி வானொலி ஒன்றின் அறிவிப்பாளர்கள் 'வேல், வேல்' என்று கூவிக் காவடியாட்டத்தைக் கேலியாக நடித்துக்காட்டிய காணொளி பரவியது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அச்சமயத்தில் நம்மவர்கள் பிறருக்குக் காவடியை விளக்க முற்பட்டபோது பெரும்பாலும் கூறியது இடும்பன் கதையையே. அகத்தியரின் கட்டளைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டில் கட்டித் தூக்கிவந்த இடும்பன் பழனியில் இறக்கிவைக்க, சிறுவனாக வந்த முருகன் அவனை வீழ்த்தி எழுப்பி வரமளித்தான் என்ற அந்தக் கதை அழகானது. ஆனால் கேலியால் புண்பட்டவர்கள் இடும்பனுக்காகவா கண்ணீர் விட்டார்கள்?

பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி ஆலயத்திலோ, ஈப்போ கல்லுமலையிலோ, 1891-இல் கே. தம்புசாமிப் பிள்ளை வேல் நாட்டிய பத்துமலையிலோ காவடி எடுப்பவர், விரதமிருந்த நாட்களில் இடும்பனை நினைத்துக்கொண்டிருப்பதில்லை. மகனின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், குடியை விட்ட தம்பியையும், பிறக்காமலே போன குழந்தைக்குப் பின் பிறந்த குழந்தையையும் தோளில் சுமந்து நடக்கிறார். அது நேர்த்திக்கடன். கொடுத்த வாக்கு. அண்ணன் தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் கேலி செய்தால் எப்படியோ அப்படி. இதைப் பிற மதத்தாருக்குச் சொல்லியிருந்தால், அவர்களுக்கும் தாய் தகப்பன் பிள்ளை உண்டாகையால், மலை தூக்கிய அசுரனின் கதையைவிடச் சீக்கிரம் புரிந்திருக்கும்.

நம்முடைய பிள்ளைகளுக்கும் இது சொல்லப்படுவதில்லை என்பதே என் மனத்தை உறுத்துவது. நாட்டுப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்குச் சமயபாடமும், மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் நடைபெறுவதால், இந்துப் பிள்ளைகள் சமயம் கற்பது கோயில் வகுப்புகளில்தான். தேவாரம் ஓதவும் புராணக் கேள்விகளுக்கு விடை சொல்லவும் அங்கே பழகுகிறார்கள். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் பரிசும் பெறுகிறார்கள். நல்ல காரியமே. ஆயினும் முருகனுக்கு எத்தனை படைவீடு என்று தெரிந்த பிள்ளைக்கு, தன் அம்மா யாருக்காக இருபது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை விரதமிருக்கிறாள் என்று தெரியாவிட்டால், அது கற்றது புராணத்தை மட்டுமே.

மறுத்தவர்கள் விட்டுச்சென்றது

போ தோட்டம் தொடங்கிய அதே 1929-இன் இறுதியில் ஈ.வெ.ரா. பெரியார் மலாயாவுக்கு வந்து, ஈப்போ முதலிய நகரங்களில் புராண ஆபாசங்களையும் மூடப் பழக்கங்களையும் கண்டித்துப் பேசினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கிச் சீர்திருத்தத்தைப் பரப்பினார். 1952 முதல் பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடச் செய்தார். அசுரவதக் கதையோ அவதாரமோ தேவைப்படாத ஒரு திருநாளை, ஜாதிமத பேதமின்றி எல்லாத் தமிழரும் கூடும் நாளாக நிறுவியது பெரிய சாதனையென்றே கருதுகிறேன். சாதி பிரித்துப் பந்தி வைப்பதையும், பயத்தை மூலதனமாக்கிக் குறிசொல்லிப் பணம் பறிப்பதையும் அவர்கள் எதிர்த்தது தோட்ட மக்களுக்கு நன்மையே செய்தது. அந்த விஷயங்களில் நம்பிக்கையும் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

ஆனால் கதைகளின் மேல் அவர்கள் எய்த அம்பு லயத்துக் கல்லைத் தொடவில்லை. முனியாண்டியிடம் மறுப்பதற்குக் கதையே இல்லையே.

பெட்டிச் செய்தி: நீதிமன்றத்துக்கு வந்த இராமாயணம்

2005 ஜூலையில் தொடங்கப்பட்ட சேது சமுத்திரத் திட்டத்துக்காக இராமர் பாலம் என வழங்கும் மணல்திட்டுகளை வெட்டுவதை எதிர்த்த வழக்கில், 2007 செப்டம்பரில் இந்தியத் தொல்லியல் துறை, புராண இதிகாச நூல்களை அவற்றில் வரும் மாந்தர்கள் இருந்தமைக்குச் சரித்திரச் சான்றாகக் கொள்ள இயலாது என்ற கருத்துப்பட உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. நாடெங்கும் எதிர்ப்பெழவே சில நாட்களுக்குள் அந்த மனு திரும்பப் பெறப்பட்டது. சான்றைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியம், வழிபாட்டைப் பற்றியதாக வாசிக்கப்பட்டது. இராமேசுவரத்துக் கடலில் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் செய்கிறவர் அந்தப் பாலத்தின் வயதைக் கேட்டுவிட்டு நீரில் இறங்குவதில்லை என்பதை இரு தரப்பாரும் சொல்லவில்லை.

இரவல் புராணமும் நிலப் பட்டாவும்

தோட்டங்களில் இப்போது நடப்பதைப் பார்ப்போம். படித்து நகரத்துக்குப் போன பிள்ளைகள் பணம் அனுப்ப, மரத்தடிக் கல்லுக்குக் கட்டடம் எழுகிறது. ஆகமப்படி கும்பாபிஷேகம் வேண்டும் என்கிறார்கள். சேவல் நிற்கிறது, சுருட்டு நிற்கிறது. முனீசுவரன் சிவபெருமானின் அம்சமென்று சுவரில் எழுதப்படுகிறது. ஏதோவொரு யுகத்தில் நடந்த நிகழ்ச்சியொன்று துண்டுப்பிரசுரமாக அச்சாகிறது. உயிர்ப்பலி நின்றதில் எனக்கு வருத்தமில்லை. கல்லை நட்ட மனிதனின் பெயர் அந்தச் சுவரில் இடம்பெறாததே வருத்தம். எந்தக் கங்காணியின் காலத்தில், எந்த லயத்துக் குடும்பம், என்ன ஆபத்தில் இதை நட்டது என்ற உண்மை வரலாற்றின்மேல் வெள்ளையடித்துத்தான் இந்த இரவல் புராணம் எழுதப்படுகிறது.

இதன் பலன் ஆன்மிகத்தோடு நின்றுவிடுவதன்று. பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் ஒப்பிக்கும் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு, 1970-இல் பிரகடனம் செய்யப்பட்டபோதே இறைவன்மீது நம்பிக்கையை முதற்கோட்பாடாக வைத்தது. நிலச் சட்டமோ நம்பிக்கையைக் கேட்பதில்லை. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி பதிவு பெற்ற பட்டாவே உரிமை, எத்தனை தலைமுறை அனுபவித்திருந்தாலும் அனுபோகம் உரிமையாகாது. தோட்டம் கைமாறும்போது, துரை வாய்மொழியாக விட்டுக்கொடுத்த இடத்தில் நின்ற கோயில், ஒருநாள் திடீரென்று பிறர் நிலத்தில் அத்துமீறிய கட்டடமாகிவிடுகிறது. சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தை இடம்பெயர்க்கும் தகராறு 2018 நவம்பரில் கலவரமாக முடிந்தது. 2025-இல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நூறாண்டு கடந்த பத்திரகாளியம்மன் ஆலயம் அருகிலேயே வேறிடத்துக்கு மாற இணங்க வேண்டியதாயிற்று.

இத்தகைய பேச்சுவார்த்தை மேசைகளில் புராணம் வாய் திறக்காது. திரேதா யுகத்தில் சிவன் இங்கே வந்தார் என்று சொல்லி எந்த நில அலுவலகத்திலும் இரண்டு சதுர அடியைக்கூடக் காப்பாற்ற முடியாது. பழைய திருவிழா நோட்டீசு, நன்கொடைப் புத்தகம், தோட்ட நிர்வாகம் எழுதிய கடிதம், தீமிதிப் புகைப்படம், லயத்தில் பிறந்த மூதாட்டியின் வாக்குமூலம் ஆகியவை பேசும். சட்டத்தில் உரிமையைத் தராவிட்டாலும், மாற்றிடமும் மரியாதையும் கேட்பதற்கு வலுவைத் தரும். நம்பிக்கை தன் வழியில் விட்டுச்சென்ற தடயங்கள் இவை. இவற்றைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டுக் கோபுரத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறோம்.

காலமும் குறுகிவருகிறது. இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தாரும் நேபாளிகளும் இந்தோனேசியரும் மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்டன. நேபாளத்தார் பெரும்பாலும் இந்துக்கள். துர்க்கையை அறிந்தவர்கள், மாரியம்மன் கதையை அறியாதவர்கள். அவர்களில் ஒருவர் மழைநாளில் வண்டியை நிறுத்திவிட்டு இந்த எல்லைக்கல்லின் முன் கைகூப்பினால், நம் முன்னோர் கதையின்றித் தொடங்கிய வழிபாட்டை அவரும் அப்படியே தொடங்கியவராவார். அவரைத் தடுக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டிய வேலை நிர்வாகக் குழுக்களிடம் இருக்கிறது. அடுத்த திருவிழா அழைப்பிதழில் யுகக் கதைக்கு ஒதுக்கும் பக்கத்தை எடுத்து, கல் நட்டவரின் பெயர், அவர் வந்த ஊர், லயத்தின் எண், முதல் தீமிதி நடந்த ஆண்டு, யார் யார் என்ன நேர்ந்துகொண்டார்கள் என்ற விவரங்களை அச்சிடலாம். திருவிழாவுக்காக மலையேறி வருகிற பேரப்பிள்ளைகளின் கையில் கைப்பேசி இருக்கிறது. பந்தி முடிந்து கார்கள் கிளம்புவதற்குள், அவர்கள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மண்சரிவு இரவைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளட்டும்.